ரெண்டு மணிக்கொரு பெரட்டு

பாண் ரொட்டியின் நாலு ஓரத்தையும் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே இருந்த வெள்ளையை மட்டும் சுண்டுவிரல் நக அளவுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள் எப்சிபா. கையில் உறை மாட்டியிருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் இராப்போசனம். அறுபத்திரண்டு பேருக்கும் வெளியாட்களுக்குமாக எழுபது துண்டாவது வேண்டும். ஏழு மணிக்கு உட்கார்ந்தால்தான் ஒன்பது மணிக்குத் தட்டு நிறையும்.

பொகவந்தலாவை பசாரிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், மேலே ஏறினால் வருகிற தோட்டம் அது. சபை என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான ஐந்தாம் நம்பர் லயத்துக்கு மேல் நிற்கிற தகரக் கூரைக் கட்டிடம். எழுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. இந்தக் கொஞ்சப் பேருக்கு இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் எதற்கு என்று எப்சிபா ஒரு தடவை கேட்டாள்.

“ஆண்டவருக்குக் கேக்கணுமேக்கா” என்றான் கீபோர்டு வாசிக்கிற மதுரன்.

“அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நம்மளுக்குத்தான் போகப்போவுது” என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் ஸ்பீக்கர் பேச்சை எடுப்பதில்லை.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. இதே தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள். பிறகு பிள்ளைக் காம்பராவில், அதாவது மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில், பதினைந்து வருஷம் ஆயா. புருஷன் செத்தபின் கண்டிக்குப் போய் ஆறு மாதம் முதியோர் பராமரிப்புப் படித்தாள். கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷம் வேலை. எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பீ அள்ளினாள், செத்தபின் கண்ணை மூடிவிட்டாள். அங்கே கற்றது இரண்டே இரண்டு. படுத்திருக்கிறவர் சொல்வதைக் கேட்க வேண்டும். சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒருவர் அன்பு, பாசம் என்று ஆரம்பித்தால் அவளுக்கு எரிச்சல் வரும். பக்தி என்று ஆரம்பித்தாலும் அதே எரிச்சல்தான். சபையில் கதவோரம் கடைசி நாற்காலியில் உட்காருவாள். அவள் ஜெபம் நாலு வார்த்தை: “என்ன செய்யணும், சொல்லுங்க ஆண்டவரே.” சொல்லிவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பாள்.

அறுபதாவது துண்டில் கத்தி இருந்தபோது நாகலெட்சுமி வாசலில் வந்து நின்றாள். சபை மூப்பரின் பெண்சாதி. நாற்பது வயதுதான்; பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

“எப்சியக்கா, அத்தைய கொஞ்சம் குளிப்பாட்டி உடுப்பு மாத்தித் தரணும். ஹட்டன்லருந்து ஆளுங்க வாறாங்க. நாற்காலியில வச்சு ஆராதனைக்குத் தூக்கிட்டு வரணுமாம். ஒத்தையா எனக்கு முடியலக்கா.”

எப்சிபா கத்தியை வைத்தாள். அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று மூன்று வாரமாக ஒரு கோபம் வைத்திருந்தாள்.

அந்த வீட்டு மூப்பருக்குப் பெற்றவள் வைத்த பெயர் மூக்கன். ஒன்பது வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்து மோசே ஆனான். மூக்கன் என்று கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கமாட்டான். அவன் தாய் பேச்சியம்மாவுக்கும் சாராள் என்று பெயர் வைத்தார்கள். லயத்தில் அது யார் வாயிலும் ஒட்டவில்லை. ஆறு வாரத்துக்கு முன் பேச்சியம்மாவுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கமும் வாயும் விழுந்துபோயின. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பிய அன்றைக்கு எப்சிபா சபை வாசலில் மூக்கனைப் பிடித்தாள். அவன் தோளில் மைக் வயரோடு அவசரமாக ஓடிக்கொண்டிருந்தான்.

“மூக்கா, கேட்டுக்க. ராவும் பகலும் ரெண்டு மணிக்கொரு பெரட்டு. ஒன்னுகூடத் தவறக்கூடாது.”

“ஆமென்க்கா” என்றான். மூக்கா என்றதற்குக்கூட முகம் சுளிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது இஸ்தோப்பிலேயே, வாசல் திண்ணையிலேயே, மறித்துவிட்டான். “உள்ள ஜெபம் நடக்குதுக்கா. நீங்க கை வைக்க வேணாம். ஆண்டவர் கை வச்சிருக்காரு.” அப்படியா சரி என்று திரும்பியவள்தான். அடுத்த ஞாயிறு அவன் மைக்கைப் பிடித்து அழுதான். அம்மாவுக்கு எல்லாப் பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு நாமம் மட்டும் நாக்கில் நிற்கிறது, காலையில் ஏசு, மத்தியானம் ஏசு, ராத்திரி ஏசு என்றான். போனில் பிடித்த வீடியோவையும் காட்டினான். சபையே எழுந்து நின்று கத்தியது. எப்சிபாவும் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னாள். அந்த வீடியோ ஹட்டன் வரை போய்த்தான் இன்றைக்கு ஆள் வருகிறது.

“சுடுதண்ணி போட்டிருக்கியா?” என்று கேட்டபடி எப்சிபா உறையைக் கழற்றினாள்.

*

பேச்சியம்மா படுத்திருந்த காம்பராவுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். சன்னல் சாத்தியிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு போன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பவுடர் வாசம், டெட்டோல் வாசம், மூத்திர வாசம். அதற்கெல்லாம் அடியில் இன்னொரு நாற்றம். பதினோரு வருஷம் பழகிய மூக்கு. என்ன என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“சன்னலத் தொற. அந்தப் பாட்ட நிப்பாட்டு.”

“வீட்டுக்காரங்க ஏசுவாங்கக்கா, எந்நேரமும் ஓடணும்னு...”

“நிப்பாட்டு.”

பேச்சியம்மா மல்லாந்து கிடந்தாள். கண் நன்றாக விழித்திருந்தது. எப்சிபாவைப் பார்த்ததும் கோணிய வாய் திறந்தது.

“ஏ... சு...”

நாகலெட்சுமி சட்டென்று கண்ணை மூடிக் கையைத் தூக்கினாள். “ஸ்தோத்திரம் ஏசப்பா, ஸ்தோத்திரம்...”

“கண்ணத் தொற. அவ வாயப் பாரு.”

“ஏ... சு...” சொல் அங்கே முடியவில்லை. சத்தம்தான் நின்றது. நாக்கின் நுனி மேலண்ணத்துக்குப் போய் ஒட்டி, விட்டது. மறுபடி ஒட்டி, விட்டது. எப்சிபா காதை அந்த வாய்மேலேயே வைத்தாள். மூச்சுச் சூடு காதில் அடித்தது, காய்ச்சல்.

“ஏ... சு... டு...”

எப்சிபா நிமிர்ந்து பேச்சியம்மாவின் நல்ல கையைப் பிடித்தாள்.

“பேச்சி, சுடுதா? ஏ சுடுதுங்கிறியா? ஆமான்னா என் கைய அமுக்கு.”

அமுக்கிய அமுக்கில் நகம் தோலுக்குள் இறங்கியது.

இருவருமாக அவளை ஒருபக்கம் சாய்த்தார்கள். துணி முதுகோடு ஒட்டியிருந்தது. எப்சிபா வெந்நீர் ஊற்றி ஊற்றி அதை விடுவித்தாள். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரம் கறுப்பு, நடுவில் பள்ளம். பள்ளத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு நாகலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு வாரமா இவ நெருப்புல கெடந்து சுடுது சுடுதுன்னு கத்துறா” என்றாள் எப்சிபா. “நீங்க சுத்தி நின்னு கை தட்டியிருக்கீங்க. ரெண்டு மணிக்கொரு பெரட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? செஞ்சீங்களா, இல்லையா?”

“அது தவறவே இல்லக்கா!” நாகலெட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். “சத்தியமா தவறல. ரெண்டு மணிக்கொருக்கா நாலஞ்சு பேர் வந்து கட்டிலச் சுத்தி நின்னு, அவங்கவங்க பேரச் சொல்லி, ஜெபிச்சுட்டுத்தான் போனாங்க. ராவுலகூட. ஜெபப் பெரட்டு வைக்கச் சொன்னதே நீங்கதானேக்கா?”

தோட்டத்தில் பெரட்டு என்றால் ஒன்றுதான். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்து அனுப்புவது. பிறந்ததிலிருந்து மூக்கன் கேட்ட பெரட்டு அது. நோயாளியைப் புரட்டிப் போடுவதற்கு அவள் வேலை செய்த இல்லத்தில் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். அவள் இல்லத்துச் சொல்லை எறிந்தாள்; அவன் தோட்டத்துச் சொல்லைப் பிடித்தான். அவனும் இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் இன்னொரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

“ஆஸ்பத்திரியில குடுத்த துண்டு எங்க?”

“பைபிளுக்குள்ள வச்சிருக்காங்க.”

“படிச்சானா?”

“அது மேல கை வச்சு ஜெபிச்சாங்க.”

எப்சிபா சுத்தத் துணியைக் காய்ச்சிய நீரில் நனைத்துப் புண்ணை மூடினாள். “இன்னைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்குன்னா ரத்தத்துல ஏறிரும். ஆம்புலன்சுக்குப் போன் அடி. கீழ ரோட்டு வரைக்கும்தான் வரும். நாலு ஆளு வேணும் தூக்க.”

நாலு ஆள் அப்போதே வாசலில் நின்றார்கள், ஆனால் வேறு வேலைக்கு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் கம்பு கட்டி, பூமாலை சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் மூக்கன். வெள்ளைச் சட்டை, கையில் புது வெள்ளைச் சேலை. இருபத்தோரு நாள் உபவாசத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“அம்மா ரெடியா? ஹட்டன் பாஸ்டர் கேக்குறாரு.”

“உங்கம்மாவுக்கு முதுகு அழுகிப்போச்சு, மூக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்.”

“மோசே” என்று திருத்தினான். “ஆராதனை முடியட்டும்க்கா. ரெண்டு மணி நேரம். சாட்சி சொல்லி முடிச்சதும் நானே கொண்டுபோறேன்.”

“ரெண்டு மணி நேரம் அந்தப் புண்ணு மேல உக்காரவைக்கப் போறியா? உன்ன அடுப்பு மேல உக்காரவச்சா எத்தன பாட்டுப் பாடுவ?”

“பகல்ல பச்சத் தண்ணி இல்லாம இருபத்தோரு நாள் முழங்கால்ல நின்னுருக்கேன்!” அவன் குரல் உடைந்தது. “யாருக்காக? இவங்களுக்காகத்தானே? ஒரு நாளாச்சும் நீங்க வந்து நின்னீங்களா?”

“நிக்கல. நீ வேணாம்னதும் கோவிச்சுக்கிட்டுப் போனேன். அது என் குத்தம். எனக்கும் இதுல கூலிக்குப் பேர் இல்ல.” எப்சிபா கட்டிலை விட்டு நகரவில்லை. “ஆனா நீ ஒன்னு சொல்லு. பெரட்டுக்கு வந்து நின்னு, பேர் கூப்பிட்டதும் ஆமாங்க சொல்லிட்டு, மலைக்குப் போகாம வீட்டுக்கு வந்து படுத்துக்கிட்டா கங்காணி அன்னைக்குக் கூலிக்குப் பேர் போடுவானா? நாலு வாரமா நீங்க எல்லாரும் பெரட்டுல மட்டும் நின்னுருக்கீங்க. மலைக்கு ஒருத்தன் போகல. ஒரு கொழுந்து கிள்ளல.”

நாற்காலிக் கம்பைப் பிடித்திருந்த செல்லசாமி, ஒரு காலத்தில் கங்காணியாக இருந்த மனிதர், தன்னை மறந்து களுக்கென்று சிரித்துவிட்டார். மூக்கன் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“அவங்க ஏசுங்கிறாங்க! ஊரே கேட்டுச்சு!”

“ஊரே போன்ல கேட்டுச்சு. நீ வந்து வாய்கிட்டக் கேளு. மோசே மூப்பர் வேணாம், அவ பெத்த மூக்கன் வா.”

அவன் வந்தான். குனிந்தான். பேச்சியம்மா மகனைப் பார்த்து மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நாக்கு மேலண்ணத்துக்குப் போய் வந்தது. அவன் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஏசுன்னுதான் சொல்றாங்க” என்றான். “எனக்கு அப்படித்தான் கேக்குது.”

சுடுது என்று கேட்டுவிட்டுத்தான் இப்படிச் சொல்கிறான் என்பது எப்சிபாவுக்குத் தெரிந்தது. அப்படிச் சொல்லாவிட்டால் இருபத்தோரு நாளையும் அந்த வீடியோவையும் அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? தெரிந்ததும் அவள் கோபம் குறையவில்லை, கூடியது.

“எனக்குச் சுடுதுன்னு கேட்டுச்சு” என்றாள் நாகலெட்சுமி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கையில் போன் இருந்தது. “ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். முக்கா மணி நேரத்துல ரோட்டுக்கு வருமாம்.”

“யாரக் கேட்டுச் சொன்ன?”

“அத்தையக் கேட்டு” என்றாள்.

சத்தம் கேட்டு ஹட்டன் பாஸ்டர் மேலேயிருந்து இறங்கி வந்தார். நல்ல கோட்டு. சாந்தமான குரல். “என்ன அக்கா, சமாதானமா பேசுவோம். ஆராதனைக்குப் பிறகு நம்ம வேன்லயே...”

எப்சிபா புண்ணின் மேல் போட்ட துணியைத் தூக்கிக் காட்டினாள். பாஸ்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“மூடாதீங்க பாஸ்டர். இதுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்ல வந்திருக்கீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க.”

அவர் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், “கொண்டுபோங்க” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனார்.

கட்டிலில் கிடந்த கம்பளியோடு பேச்சியம்மாவை ஒருக்களித்துப் போட்டு, நாலு மூலைக்கும் ஆள் நிற்கச் சொன்னாள் எப்சிபா. மூன்று மூலைக்குத்தான் ஆள் இருந்தது. நாற்காலி தூக்க வந்த மதுரன், பாட்டு ஆரம்பிக்கிற நேரம் என்று கீபோர்டுக்கு ஓடிவிட்டான். நாலாவது மூலையை எடுக்கச் சொல்லி மூக்கனைப் பார்த்தாள். அவன் வெள்ளைச் சேலையைக் கையில் பிடித்தபடி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான், அசையவில்லை. நாகலெட்சுமி முந்தானையை இடுப்பில் சொருகி அந்த மூலையைப் பிடித்தாள்.

தேயிலைக்கு நடுவே படிப்பாதையில் இறங்கினார்கள். எப்சிபா முன்னால் போய்க் கல் எங்கே வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். மேலே ஸ்பீக்கரில் பாஸ்டரின் குரல் கேட்டது: சகோதரி சாராள் சிகிச்சைக்காகப் போகிறார், எல்லாரும் எழுந்து நின்று கைகளை உயர்த்துங்கள். அறுபது பேர் எழுந்து நிற்கிற நாற்காலிச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

“எந்திரிக்கத்தான் செய்றாய்ங்க” என்றார் செல்லசாமி, மூச்சு வாங்க. “எறங்கித்தான் வரமாட்டாய்ங்க.”

அன்றைக்கு இராப்போசனத் தட்டில் பத்துத் துண்டு குறைந்து ஹட்டன்காரர்களுக்குப் போதாமல் போனது. பேச்சியம்மாவின் முதுகைப் பற்றிப் பேசியதைவிட அதைப் பற்றித்தான் சபையில் அதிக நாள் பேசினார்கள்.

டிக்கோயாவில் செத்த சதையை வெட்டி எடுத்து, மருந்து ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று நாகலெட்சுமி கேட்டாள். காய்ச்சல் இறங்கினால் பார்க்கலாம், புண் ஆற மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். புரட்டுவதற்கு வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். நாகலெட்சுமி இருந்தாள். எப்படித் தோளையும் இடுப்பையும் பிடிப்பது, எங்கே தலையணை வைப்பது என்று எப்சிபா நாலு தடவை செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். இந்தத் தடவை, “என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு” என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு போனாள்.

*

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரிப் பெண்கள் வாட்டில் காலைப் பார்வை நேரம். நாகலெட்சுமி கண் சிவந்து கட்டிலோரம் நின்றாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. காலடியில் மூக்கன். எப்போது வந்தானோ, நேற்றைய அதே வெள்ளைச் சட்டை. கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி, உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தான்.

“கண்ணத் தொற” என்றாள் எப்சிபா. “கைய எறக்கு. போய் சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவிட்டு வா.”

அவன் முறைத்தான். போனான். கழுவிவிட்டு வந்தான்.

“அந்தத் தோளப் புடி. இழுக்காத, உருட்டு. தோல் பிச்சுக்கும்.”

அவன் சொன்னபடி பிடித்தான், சொன்னபடி உருட்டினான். பேச்சியம்மா மறுபக்கம் சாய்ந்தாள். வாய் திறந்தது.

“ஏ... சு...”

ஸ்தோத்திரத்துக்கு அவன் வாயும் திறந்தது. பாதியில் மூடிக்கொண்டான். குனிந்து காதை வைத்தான். இந்தத் தடவை வெகுநேரம் வைத்திருந்தான்.

“எங்கம்மா சுடுது?”

பேச்சியம்மாவின் நல்ல கை மெதுவாக நகர்ந்து இடுப்பைத் தொட்டது. அங்கே விரிப்பு மடிந்து ஒரு முடிச்சுப்போல் சதையைக் குத்திக்கொண்டிருந்தது. அவன் விரலை விட்டு மடிப்பை எடுத்து, விரிப்பை நீவி இழுத்துவிட்டான். பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

எப்சிபா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். “இப்ப ஆறே முக்கா. அடுத்த பெரட்டு எப்ப?”

“எட்டே முக்கா” என்றான்.

பார்வை நேரம் முடிந்து ஏழு மணிக்கு ஆண்களை எல்லாம் வெளியே அனுப்பினார்கள். எட்டே முக்காலுக்கு எப்சிபாவும் நாகலெட்சுமியும் கட்டிலின் இரண்டு பக்கமும் போய் நின்றபோது வாட்டு வாசலில் சண்டைச் சத்தம் கேட்டது. மூக்கன்தான். கழுவிய இரண்டு கையையும் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே விடச் சொல்லி காவலாளியோடு சிங்களத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.